விடை கூறும் தேசப்படம்

தேசப்படம் என்றதும் பள்ளிக்கூடச் சுவரிலே தொங்கிய படமே நம்மிற் பலருக்கு நினைவு வரும். மலைக்குக் கபிலம், சமவெளிக்குப் பச்சை, கடலுக்கு நீலம் என நிறந் தீட்டி, ஆறுகளையும் நகரங்களையும் அதிலே குறித்திருப்பர். அப்படம் 'இவ்விடம் எங்கே உள்ளது?' என்னும் ஒரு வினாவுக்குச் செவ்வையாக விடை கூறும். ஆயின், ஒரு நாட்டை ஆள்வோரும் அதில் வாழ்வோரும் கேட்க நேரும் வினாக்கள் அவ்வளவு எளியன அல்ல. எந்தக் கிராமத்திற் கிணறு வெட்டினால் நன்னீர் கிடைக்கும்? நோய் ஏன் இந்தத் தெருவிற் பரவி, அடுத்த தெருவை விட்டுவிட்டது? வெள்ளம் வந்தால் எந்தப் பாடசாலை முதலில் நீரில் மூழ்கும்? இவற்றுக்கு விடை காண ஒரு படம் போதாது. மண்ணின் படம், மழையின் படம், மக்கள் தொகையின் படம், வீதிகளின் படம் ஆகிய பலவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு பல படங்களையும் அவற்றோடு இயைந்த புள்ளிவிவரங்களையும் கணினியிலே சேர்த்து வைத்து, வினாவை வினவி விடையைப் படமாகப் பெறும் முறைக்குப் 'புவியியல் தகவல் முறைமை' என்று பெயர். இது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகின்றது, எவ்விடத்தில் உதவுகின்றது, எவ்விடத்தில் நம்மைக் கைவிடக்கூடும் என்பனவற்றை இப்பேச்சிலே சுருக்கமாக ஆராய்வோம்.

கருவி புதியது, ஆனால் அதன் பின்னுள்ள சிந்தனை பழையது. அச்சிந்தனையின் சிறந்த எடுத்துக்காட்டு 1854ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரத்தில் தோன்றியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், சோஹோ என்னும் நெருக்கமான பகுதியிலே வாந்திபேதி திடீரெனப் பரவிற்று. பத்தே நாட்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினாலேயே இந்நோய் பரவுகின்றது என்பதே அக்காலத்து வைத்தியரிற் பெரும்பாலோர் கொள்கை. ஜோன் சினோ என்னும் வைத்தியர் அதனை ஏற்றிலர். நோய் குடிநீரின் வழியே பரவுகின்றது என்பது அவர் கருத்து.

தம் கருத்தை நிறுவ அவர் வீடு வீடாகச் சென்றார். பிறப்பிறப்புப் பதிவகத்திலிருந்து முதல் வாரத்தில் இறந்த 83 பேரின் விவரத்தைப் பெற்றார். அவர்களிற் பெரும்பாலோர் புறோட் வீதியில் இருந்த ஒரு கைப்பம்பிக்கு அண்மையில் வாழ்ந்தோர் என்பதைக் கண்டார். வேறொரு பம்பிக்கு அண்மையில் வாழ்ந்து இறந்தோர் பத்துப் பேர் மட்டுமே. அவர்களைப் பற்றியும் விசாரித்தார். ஐவரின் குடும்பங்கள் சுவை கருதிப் புறோட் வீதி நீரையே எடுப்பித்து வந்தன. மூவர் அப்பம்பியின் அருகே இருந்த பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள். விதிக்கு விலக்குப் போலத் தோன்றியவை விதியையே வலியுறுத்தின.

மறுதலையான சான்றுகளையும் அவர் தேடினார். அண்மையில் இருந்த ஏழைகள் விடுதியொன்றில் 535 பேர் வாழ்ந்தனர். அவருள் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே வீதியிலிருந்த பியர் வடிக்குஞ் சாலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவருள் ஒருவரும் இந்நோயால் மாண்டிலர். அவர்கள் தம் சாலையின் பானத்தையே பருகினரன்றிப் பம்பி நீரை நாடவில்லை. பல மைல் தூரத்திலே வாழ்ந்த ஒரு முதிய கைம்பெண்ணும் வாந்திபேதியால் இறந்தார். விசாரித்தபோது, முன்னர் தாம் வாழ்ந்த சோஹோவின் நீர் மீது கொண்ட விருப்பத்தால், நாள்தோறும் அந்நீரை வண்டியில் வரவழைத்துப் பருகினார் என்பது தெரிய வந்தது.

சினோ இவற்றை ஒரு தெருப்படத்திலே குறித்தார். இறப்பு ஒவ்வொன்றுக்கும் அவ்வவ்வீட்டு வாயிலில் ஒரு சிறு கறுப்புக் கோடு. பம்பிகள் இருந்த இடங்களையும் குறித்தார். புறோட் வீதிப் பம்பியைச் சூழ்ந்து கறுப்புக் கோடுகள் அடுக்கடுக்காய்க் குவிந்தன. வேறு பம்பிகளை நோக்கிச் செல்லச் செல்ல அவை அருகின.

இங்கே வரலாற்றைச் செம்மையாகக் கூறுதல் வேண்டும். படத்தைக் கண்டவுடன் அதிகாரிகள் பம்பியை மூடினர், நோய் நின்றது என்று கதை சொல்வது வழக்கம். உண்மை அவ்வளவு அழகானதன்று. சினோ செப்டம்பர் 7ஆம் தேதி அக்கோவிற்பற்றின் பொறுப்பாளரிடம் தம் விசாரணையை எடுத்துரைத்தார். மறுநாள் பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கிவிட்டது. மக்களிற் பலர் ஊரை விட்டு ஓடிவிட்டனர் என்பதைச் சினோவே ஒப்புக்கொண்டார். படம் அதற்குப் பின்னரே முழுமை பெற்று, 1855இல் அவர் நூலில் வெளிவந்தது. அரசாங்கச் சுகாதார சபையும் அவர் கொள்கையை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1858இல் அவர் இறந்தபோது அவ்வாதம் முடிவுறாமலே இருந்தது. ஆகவே, படம் சரியான விடையைக் கூறுவது ஒன்று. அவ்விடையை உரியவர் ஏற்று நடப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். பின்னர் நம் நாட்டைப் பற்றிப் பேசும்போது இதற்கு மீள்வோம்.

சினோவின் படத்தில் இரண்டே படைகள் இருந்தன: இறப்புகள் ஒன்று, பம்பிகள் மற்றொன்று. அவை ஒரு சிறு பகுதிக்கே உரியன. ஒரு மனிதன் கையால் வரைந்து கண்ணால் ஒப்பிட அது போதுமானதாயிற்று. ஒரு பெரு நாட்டைப் பத்துப் படைகளாக வரைந்து ஒப்பிட வேண்டுமாயின் என் செய்வது?

இவ்வினா 1960களில் கனடாவில் எழுந்தது. இங்கிலாந்திற் பிறந்து கனடாவிற் குடியேறிய புவியியலாளர் றொஜர் ரொம்லின்சன், ஒட்டாவா நகரில் வானிலிருந்து ஒளிப்படம் எடுத்து நிலமளக்கும் நிறுவனமொன்றிற் பணிபுரிந்தார். கென்யாவிலே மரஞ்செடிகளை நட்டுக் காடு வளர்க்கத் தக்க இடத்தைத் தெரிந்து தருமாறு அந்நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. நிலத்தின் பல இயல்புகளைக் காட்டும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டாலன்றி விடை கிடையாது. கையால் அதனைச் செய்யக் கணக்கிட்டபோது செலவு மிகப் பெரிதாயிற்று; அத்திட்டம் கைவிடப்பட்டது. இவ்வேலையைக் கணினி செய்யலாகாதா என்று ரொம்லின்சன் சிந்தித்தார்.

அக்காலத்திற் கணினி என்பது எண்களைக் கூட்டிப் பெருக்கும் பெரும் பொறியாகவே கருதப்பட்டது. படத்தை அதனுள் எவ்வாறு புகுத்துவது என்பதே பலருக்கு வியப்பாயிருந்தது. 1962ஆம் ஆண்டில், விமானப் பயணமொன்றின்போது ரொம்லின்சன் அருகில் அமர்ந்திருந்தவர் லீ பிறற் என்னும் அரசாங்க அலுவலர். கனடாவின் நில வளத்தைக் கணக்கெடுக்கும் பெரும் பணிக்கு அவரே பொறுப்பானவர். இருவர்க்கும் நேர்ந்த உரையாடலே பின்னர் கனடாப் புவியியல் தகவல் முறைமையாக வளர்ந்தது.

அந்நிலக் கணக்கெடுப்பு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் சதுரக் கிலோமீற்றர் பரப்பை உள்ளடக்கியது. ஒவ்வொரு நிலத் துண்டும் வேளாண்மைக்கு எவ்வளவு ஏற்றது, காடு வளர்க்க எவ்வளவு ஏற்றது, காட்டுயிர் வாழ எவ்வளவு ஏற்றது, மக்கள் பொழுதுபோக்க எவ்வளவு ஏற்றது என்றெல்லாம் ஏழு தரங்களாக வகுக்கப்பட்டது. படங்களைக் கணினிக்குள் புகுத்தப் பெரிய உருளை வடிவான வருடியொன்று சிறப்பாகச் செய்யப்பட்டது. எல்லைக்கோடுகள் எண்களாகிக் காந்த நாடாவிற் பதிந்தன. 'முதல்தர வேளாண் நிலமாயிருந்தும் இன்று பயிரிடப்படாது கிடப்பது எவ்வளவு? அது எங்கே உள்ளது?' என்று வினவினால், கணினி இரு படங்களையும் பொருத்திக் கணக்கிட்டுப் பரப்பளவைக் கூறிற்று. 1968இல் ரொம்லின்சன் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலே 'புவியியல் தகவல் முறைமை' என்னும் தொடர் இடம்பெற்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் ஆராய்ச்சி நிகழ்ந்தது. அங்கே ஹவர்ட் பிசர் என்னும் கட்டடக் கலைஞர், எழுத்துக்களை மட்டுமே அச்சிட வல்ல பொறியைக் கொண்டு, எழுத்தின்மேல் எழுத்தை அடித்து நிழலாக்கிப் படங்களை ஆக்கும் வழியைக் கண்டார். பார்வைக்கு அவை அழகற்றவை. ஆயினும், படம் வரைவோனின் கையின்றியே கணினி தானே படத்தை ஆக்க வல்லது என்பதை அவை மெய்ப்பித்தன.

இனி, இம்முறைமை இயங்கும் விதத்தைப் பார்ப்போம். முதலாவது அடிப்படை, இடம். பூமியிலுள்ள எப்பொருளுக்கும் அகலக்கோடு, நெடுங்கோடு என்னும் இரு எண்கள் உண்டு. கிணறு ஒரு புள்ளி. வீதியும் ஆறும் கோடுகள். வயலும் குளமும் கிராம அலுவலர் பிரிவும் பரப்புகள். மழையின் அளவு, நிலத்தின் உயரம் போன்று எங்கும் பரந்து மாறிச் செல்வனவற்றைச் சிறு சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண் கொடுப்பர். இரண்டாவது அடிப்படை, அட்டவணை. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளோடும் அதன் விவரங்கள் பிணைக்கப்பட்டிருக்கும். கிணற்றுப் புள்ளியைத் தொட்டால் அதன் ஆழமும் நீரின் உவர்த்தன்மையும் தோன்றும்.

மூன்றாவது அடிப்படையே உயிர் போன்றது. அது படைகளின் ஒப்பீடு. கண்ணாடித் தாள்களில் வரைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒளியை நோக்கிப் பிடித்தாற்போல இதனைக் கருதுக. ஆற்றிலிருந்து குறித்த தூரத்துக்குள் உள்ளவை எவை என்று கேட்கலாம். இரு படைகளிலும் பொதுவாக அமைந்த இடம் எது என்று கேட்கலாம். ஆஸ்பத்திரிக்கு மிகக் குறுகிய வழி எது என்றும் கேட்கலாம். நீர்க்குழாய் பதிப்போர், மின்கம்பி இழுப்போர், பஸ் வழிகளை வகுப்போர், டெங்கு நோயாளரின் வீடுகளைக் குறித்து நுளம்பு பெருகும் இடத்தைத் தேடுவோர் ஆகிய எல்லாரும் இன்று இம்மூன்று வகை வினாக்களையே மாற்றி மாற்றிக் கேட்கின்றனர்.

படங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமாயின் யாவும் ஒரே அளவை முறையில் அமைதல் வேண்டும். இவ்விடத்தில் பழைய நில அளவையாளரின் உழைப்பை நாம் மறத்தலாகாது. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலே தோன்றியது. 1802இல் சென்னைக்கு அருகே பரங்கிமலையிலே வில்லியம் லாம்டன் சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் பேரளவைக்கு வித்திட்டார். நம் நாட்டுப் படங்களின் அளவை வலை பிதுருதலாகல மலையை மையமாகக் கொண்டது. பழைய வலையில் அம்மலைக்கு ஓர் எண்ணும், 1999ஆம் ஆண்டு முறையில் வேறோர் எண்ணும் கொடுக்கப்பட்டுள்ளன. இதை அறியாது பழைய படத்தின் எண்ணைப் புதிய படத்தில் இட்டால், ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விலகி நடுக்கடலிற் போய் நிற்கும். கணினி அதனைக் கண்டு சிரிப்பதில்லை. இட்ட எண்ணை இட்டவாறே வரையும்.

1972ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லான்ட்சற் வரிசையின் முதற் செய்மதி விண்ணிற் செலுத்தப்பட்டது. அது பூமியின் ஒவ்வொரு பகுதியையும் 18 நாளுக்கு ஒருமுறை படம் பிடித்தது. அதன் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீற்றர் நிலத்தைக் குறித்தது. காடு அழிவதும் குளம் வற்றுவதும் நகரம் பரவுவதும் ஆண்டுக்காண்டு படத்திற் பதிந்தன. 2008இல் அச்செய்மதிப் படங்கள் யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு, தன் வழிகாட்டிச் செய்மதிகளின் குறிப்பிற் குடிமக்களுக்கு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதன்பின் சாதாரண மனிதனும் தான் நிற்கும் இடத்தைச் சில மீற்றருக்குள் அறிய முடிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி எழுந்த கடற்கோளை நேயர்கள் எவரும் மறந்திரார். இலங்கையில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டில் அரசாங்கம், கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என அறிவித்தது. நோக்கம் உயிர்காப்பே. முன்னர் கூறிய மூவகை வினாக்களில் மிக எளிதானது இதுவே; கரையைத் தொடர்ந்து ஒரு கோடு இழுத்தாற் போதும்.

ஆயின், அலை அக்கோட்டை அறியாது. தாழ்ந்த நிலத்தில் அது 200 மீற்றருக்கு அப்பாலும் புகுந்தது. மேடான இடத்தில் 100 மீற்றருக்குள்ளேயே நின்றது. கோட்டினுள் வாழ்ந்தவரோ பெரும்பாலும் மீன்பிடித்துப் பிழைப்போர். வள்ளமும் வலையும் வாடியும் கரையிலே இருக்க, குடும்பம் உள்நாட்டில் எங்ஙனம் வாழும் என அவர்கள் கேட்டனர். ஒரே கடலுக்கு இருவேறு தூரம் ஏன் என்ற வினாவும் எழுந்தது. பின்னர் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. நிலத்தின் உயரம், மணல்மேடு, கண்டற்காடு, மக்களின் தொழில், தப்பியோடும் வழி ஆகிய படைகளையும் சேர்த்து வினவியிருந்தால், கோடு இடத்துக்கிடம் வளைந்து, நீதிக்கு அண்மையிற் சென்றிருக்கும். வினா குறையுடையதாயின் விடையும் குறையுடையதாகும் என்பதற்கு இது சான்று.

மற்றொரு சான்று இதனினும் துயரமானது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலைநாட்டின் மண்சரிவு அபாயப் படங்களை ஆக்கி வருகின்றது. அடிப்பாறையின் தன்மை, அதன்மேற் படிந்த மண், சரிவின் பாகை, நீர் வழியும் விதம், நிலப் பயன்பாடு, நில உருவம் ஆகிய ஆறு படைகளை ஒப்பிட்டு ஒவ்வொரு சரிவுக்கும் அபாயத் தரம் வகுப்பர். இம்முறைமையின் பயனுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆயினும், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலையிலே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளரின் லயன் வரிசைகளை மூடிற்று. பல குடும்பங்கள் மண்ணிற் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டு எச்சரிக்கப்பட்டும் இருந்தது.

சினோவின் கதையிற் கண்ட வேறுபாடு இங்கே மீண்டும் தோன்றுகின்றது. படம் விடை கூறிற்று; அவ்விடை வீடாக மாறவில்லை. 'இங்கே வாழாதே' என்று கூறும் படத்தின் அருகே, 'அங்கே வாழ்க' என்று கூறும் காணி உறுதி ஒன்றும் இருத்தல் வேண்டும். தனக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாத தொழிலாளிக்கு எச்சரிக்கை மட்டும் அடைக்கலம் ஆகாது.

மற்றொன்றும் சிந்தித்தற்குரியது. படத்தில் இல்லாதவர், விடையிலும் இல்லாதவராவர். 2010ஆம் ஆண்டு சனவரி 12இல் ஹெயிற்றி நாட்டின் தலைநகரம் பூகம்பத்தால் அழிந்தபோது, உதவிக்குச் சென்றோரிடம் அந்நகரின் பல குடியிருப்புகளுக்குத் தக்க தெருப்படம் இல்லை. உலகின் பல பாகங்களிலும் இருந்த தொண்டர்கள், செய்மதிப் படங்களைப் பார்த்துத் தம் வீட்டுக் கணினியிலே தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் வரைந்தனர். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட பொதுமக்கள் தேசப்படத் திட்டமொன்றின் வழியே அது நிகழ்ந்தது. சில நாட்களுக்குள் மீட்புப் பணியாளர் அப்படத்தைக் கையிற் கொண்டு தெருக்களிற் சென்றனர். அரசரும் படைத்தலைவரும் மட்டுமே தேசப்படம் வைத்திருந்த காலம் மாறி, குடிகளே தம் ஊரை வரையும் காலம் வந்துவிட்டது.

ஆகவே நேயர்களே, கணினி தீட்டிய வண்ணப் படமொன்றை எவரேனும் நும்முன் விரித்து 'இதுவே முடிவு' எனக் கூறுவாராயின், அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. நம்பி மயங்கவும் வேண்டியதில்லை. இப்படம் எந்த ஆண்டின் தகவல் கொண்டு வரையப்பட்டது? எவ்வெப் படைகள் சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன? எங்கள் ஒழுங்கையும் கிணறும் இதில் உண்டா? இம்மூன்று வினாக்களையும் எவரும் கேட்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்திலோ, பிரதேச செயலகத்திலோ இவற்றைக் கேட்டு, தம் ஊரின் வெள்ளம் ஏறிய அளவையும், வற்றிய கிணற்றையும், வெடிப்புக் கண்ட சரிவையும் முதியோர் நினைவிலிருந்து சொல்லிப் பதிவு செய்வித்தல் எவராலும் ஆகும் காரியம். செய்மதி காணாததை அவ்வூரார் கண்டிருப்பர். அவர் கண்டதும் ஒரு படையாகப் படத்திற் சேருமாயின், தேசப்படம் கூறும் விடை அவர்க்கும் உரிய விடையாகும்.